இந்தச் சட்டையை என் பிள்ளைகள் போட மாட்டார்கள்

ஐந்தாவது வீடும் கைநழுவிப் போயிற்று.

பட்டர்வொர்த் படகுத்துறையில் மற்ற மோட்டார் சைக்கிள்களோடு வரிசையில் நின்று ஃபெரிக்குள் ஏறும்போதும், பாகான் டாலாம் வீட்டுக்காரரின் குரல் ஷர்மினியின் காதிலேயே இருந்தது.

"ஹோம் பிள்ளைங்களா...? ஐயோ, வேணாம்மா. அக்கம்பக்கத்துல ஒரு மாதிரியா பேசுவாங்க லா."

ஒரு மாதிரியா... என்ன மாதிரி? காலையில் எழுந்து பல் துலக்கி, பள்ளிக்கூடம் போய், கணக்கில் தப்பு போட்டு, சாயங்காலம் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற பிள்ளைகளைப் பற்றி வேறு எந்த மாதிரி பேச முடியும்?

கடல்மேல் மழை வந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன... ஷர்மினி தலைக்கவசத்தைக் கழற்றினாள். சாரல் முகத்தில் பட்டது. நல்லதுதான். கண்ணில் இருந்த ஈரத்தை இனி யாரும் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது.

மோட்டாரைத் திருப்பி நிறுத்தப் பார்த்தாள். கைப்பிடி எதிலோ இடித்தது.

தொப்பென்று ஒரு பெரிய அட்டைப்பெட்டி விழுந்து வாய் பிளந்தது. உள்ளிருந்து மஞ்சள் சட்டைகள் ஈரமான இரும்புத் தரையில் சரிந்து பரவின.

"அய்யய்யோ... சாரி அண்ணே! நான் பார்க்கல."

பெட்டிக்குச் சொந்தக்காரன் திரும்பினான். முப்பது வயது இருக்கலாம். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கோபப்படத்தான் வாயைத் திறந்தான்... அவளைப் பார்த்ததும் அந்தக் கோபம் பாதி வழியில் எங்கோ தொலைந்துபோயிற்று.

"கண்ணு ரெண்டும் இவ்வளவு பெருசா இருக்கு... அப்பவும் பார்க்கலையா?"

"கண்ணு பெருசா இருந்தா முதுகுப் பக்கமும் தெரியுமா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபோது வலது கன்னத்தில் மட்டும் ஒரு குழி விழுந்தது. அதை ஏன் கவனித்தோம் என்று ஷர்மினிக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

இருவரும் குந்தி உட்கார்ந்து சட்டைகளைப் பொறுக்கினார்கள். அவள் ஒவ்வொன்றையும் உதறி, கையை உள்ளே மடக்கி, நான்காக மடித்து வைத்தாள். தினமும் பதினைந்து பிள்ளைகளின் துணி மடிக்கிற கை அது.

"எங்கயாச்சும் துணிக்கடையில வேலை பார்க்குறீங்களா? என்னா அழகா மடிக்கிறீங்க!"

பதில் சொல்ல நிமிர்ந்தவள், அப்போதுதான் சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பெரிய வட்டத்துக்குள் ஒரு அம்மாளின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் இரண்டு வரி. 'திருமதி தனலெட்சுமியின் 60ஆம் பிறந்தநாள். கொன்றை இல்லத்து ஆதரவற்ற குழந்தைகளுக்கு அன்பளிப்பு.'

அவள் கை நின்றது.

"இது... யாரு போடுறதுக்கு?"

"ஹோம் பிள்ளைங்க. ஞாயித்துக்கிழமை அம்மாவோட பர்த்டே. எல்லாரும் இதைப் போட்டுட்டு வரிசையா நிப்பாங்க, பாட்டு பாடுவாங்க, கேக் வெட்டி போட்டோ எடுப்போம். நானே பிரிண்ட் பண்ணது. பிறையில எனக்குச் சட்டை அச்சடிக்கிற கடை இருக்கு. என் பேரு கிஷன்."

"பிள்ளைங்க சைஸ் எப்படித் தெரியும்?"

"குத்துமதிப்பா கலந்து போட்டாச்சு. ஹோம் பிள்ளைங்கதானே... எது குடுத்தாலும் சந்தோஷமா போட்டுக்குவாங்க லா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்...

ஷர்மினி மடித்த சட்டையை அவன் கையில் வைத்தாள்.

"இந்தச் சட்டையை என் பிள்ளைங்க போட மாட்டாங்க."

"உங்க... பிள்ளைங்களா?"

"கொன்றை இல்லத்தைப் பார்த்துக்கிறது நான்தான். என் பேரு ஷர்மினி. எங்க பிள்ளைங்க உங்க அம்மாவோட பேனர் இல்ல."

"அலோ... நாங்க நல்லது பண்ண வர்றோம்ங்க!"

"நல்லது பண்றவங்க பண்ணிட்டுப் போகட்டும். அதை எதுக்குப் பிள்ளைங்க நெஞ்சுல எழுதணும்?"

ஃபெரி துறையில் மோதி நின்றது. கதவு திறந்தது. மழையைக் கிழித்துக்கொண்டு அவள் மோட்டார் போய்விட்டது. கிஷன் நனைந்த பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றான். பின்னால் மோட்டார்கள் ஹாரன் அடித்தன. அவனுக்குக் கேட்கவில்லை.

*

கொன்றை இல்லம் டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. அதை எடுத்தவள் ஷர்மினி. "பள்ளிக்கூட வேன் பலகைக்கு முன்னாடி நிக்கக் கூடாது, வீட்டுக்கு முன்னாடிதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

இன்னும் சில சட்டங்களும் அவள் போட்டவைதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சொந்த அலமாரி, அதற்கு ஒரு சாவி. ஆறு பிள்ளைக்கு ஒரு ஆள். பன்னிரண்டு பேருக்கு அனுமதி என்றால் பன்னிரண்டு பேர்தான்.

அந்தக் கடைசிச் சட்டத்தைப் போன மாதம் அவளே உடைத்தாள். மூன்று சகோதரிகள் ஒரு போலீஸ் காரில் வந்து இறங்கினார்கள். அதிராவுக்குப் பன்னிரண்டு, தர்ஷினிக்கு எட்டு, மிஷாவுக்கு நான்கு வயது. மூவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நின்றார்கள். எந்த இல்லத்திலும் மூன்று இடம் சேர்ந்தாற்போல் இல்லை. "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வச்சிருங்க. அதுக்குள்ள இன்னொரு வீடு திறந்தா மூணு பேரும் உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா பெரியவ கெடாவுக்கு, நடுவுல உள்ளது ஈப்போவுக்கு, சின்னது வேற இடத்துக்கு" என்றார் சமூகநல இலாகா அதிகாரி. அவர் கொடூரமானவர் இல்லை. அவரிடம் இருந்த பட்டியலில் இருந்ததே அவ்வளவு இடம்தான்.

மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

அன்று மாலை இல்லத் தலைவர் கார்த்திகேசு போன் பண்ணினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், ஆனால் யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

"ஷர்மினி, வீடு கிடைச்சிருச்சும்மா! பாகான் டாலாம்லயே வேற ஒரு வீடு, நாலு ரூம். சும்மாவே தர்றாங்களாம். ஞாயித்துக்கிழமை பர்த்டே பண்ண வர்றாங்களே, தனலெட்சுமி அம்மா... அவங்க வீடுதான்."

ஷர்மினி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பிள்ளைங்க அந்தச் சட்டையைப் போட்டுட்டு நின்னா அவங்க மனசு குளிர்ந்திடும். ஒரு மத்தியானம்தானேம்மா... போட்டுட்டுக் கழட்டிடட்டுமே."

"கழட்டிடலாம் சார். ஆனா கழண்டு போகாது."

போனை வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம். மூன்று சகோதரிகள். என் பிடிவாதத்துக்கு அந்தப் பிள்ளைகளா விலை...?

*

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே கிஷன் நின்றான். கையில் பெட்டி இல்லை. ஒரு பை நிறைய வெங்காயம் இருந்தது.

"சண்டை போட வரல. பூ வாங்கிட்டு வந்தா நீங்க அடிப்பீங்க. அதான் வெங்காயம்."

"எங்க வீட்டுல வெங்காயம் கொண்டு வந்தவங்கதான் உரிக்கணும். தெரியுமா அண்ணே?"

"உரிக்கிறேன். ஆனா அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க, ப்ளீஸ் லா..."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கண்கள் அடங்கவில்லை. மழை விட்ட பிறகு இலைநுனியில் நிற்கிற துளி மாதிரி ஒரு மினுக்கல்... கிஷனுக்கு வெங்காயம் உரிப்பதற்கு முன்பே கண் கலங்குவதுபோல் இருந்தது.

சமையலறைப் பலகையில் உட்கார்ந்து உரித்தான். யாரும் அவனுக்கு வணக்கம் சொல்லவில்லை, பாட்டுப் பாடவில்லை. ஒரு பிள்ளை, "அங்கிள், தோலைக் கீழ போடாதீங்க" என்று அதட்டிவிட்டுப் போயிற்று. நான்கு வயது மிஷா தன் அலமாரிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, அதை ஒரு தடவை திறந்து காட்டினாள். உள்ளே ஒரு ரப்பர் வாத்து. இரண்டு காலுறை. அவ்வளவுதான். காட்டிவிட்டுப் பூட்டினாள். அந்தப் பூட்டுச் சத்தத்தில் எத்தனை பெருமை!

ஹோம் பிள்ளைங்கதானே... ஃபெரியில் தான் சொன்ன வார்த்தை அவன் காதில் திரும்ப ஒலித்தது.

அப்போது பின்கட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. அதிராவின் குரல்.

"அக்கா, கார்த்திகேசு சார் சொன்னாரு. நான் போட்டுக்கிறேன்."

"என்னத்த?"

"அந்த மஞ்சள் சட்டை. தர்ஷினிக்கும் போட்டு விடுறேன். மிஷா அழுதா நான் பார்த்துக்கிறேன். பாட்டு கூட பாடுறேன். நல்லா சிரிப்பேன்க்கா... வீடு குடுத்திருவாங்கல்ல? நாங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்ல?"

கிஷனின் கை நின்றது. பிறகு ஷர்மினியின் குரல் வந்தது. உடையக் கூடாது என்று இறுகக் கட்டிய குரல்.

"அதிரா, வீடு தேடுறது உன் வேலை இல்ல. என் வேலை. நீ சிரிக்கணும்னா சிரிப்பு வரும்போது சிரி. வீட்டுக்காகச் சிரிக்காத. புரியுதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தவள், அவன் கேட்டுவிட்டான் என்று கண்டுகொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான் அம்மாகிட்ட பேசுறேன்" என்றான் மெதுவாக.

"எனக்காகப் பேச வேணாம்."

"உங்களுக்காக இல்ல. அச்சடிச்சது நான்."

*

பேசினான். அம்மா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று கார்கள் சந்துக்குள் நுழைந்தன. பட்டுப்புடவையில் தனலெட்சுமி இறங்கினார். பின்னால் சொந்தக்காரர்கள், மூன்றடுக்குக் கேக், கேமரா தொங்கவிட்ட ஒரு ஆள், சட்டைப் பெட்டி. கார்த்திகேசு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே முன்னால் ஓடிவந்தார்.

கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு உள்பக்கம் ஷர்மினி. சாதாரணப் பருத்திச் சுடிதார், இழுத்துப் பின்னிய ஜடை. அந்த நேரத்தில் அவளைவிட அழகான ஒன்றைக் கிஷன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதோடு, அத்தனை பயங்கரமான ஒன்றையும்.

"வணக்கம் ஆண்டி. பிறந்தநாள் வாழ்த்துகள். உள்ள வாங்க, சாப்பாடு இருக்கு. ஆறு பேர் வரலாம், எங்க மேசையில அவ்வளவுதான் இடம். கேமரா வெளிய. சட்டையும் வெளிய."

"யாரும்மா நீ? என் பர்த்டேயில எனக்கே கண்டிஷன் போடுற?"

"இந்த வீட்டுல இருக்கிறவ ஆண்டி."

"என் வீடு வேணாமா உங்களுக்கு? சும்மா தர்றேன்னு சொன்னேனே!"

"வேணும். ரொம்ப வேணும். ஆனா சும்மா வேணாம். ஊர்ல மத்தவங்க எப்படி எடுப்பாங்களோ அப்படி, வாடகைக்கு வேணும். இல்லன்னு சொன்னீங்கன்னா ஆறாவது வீடு போச்சுன்னு ஏழாவது தேடுவேன்."

"ஒரு சட்டைக்கா இவ்வளவு ஆட்டம்? துணிதானே! போட்டா தேய்ஞ்சா போயிடுவாங்க?"

ஷர்மினி கேட்டின் கம்பியைப் பிடித்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"தேய்ஞ்சு போயிருவாங்க ஆண்டி. நானும் ஹோம்ல வளர்ந்தவதான். அறுபது பேர் ஒரே ஹால்ல படுப்போம். ஒன்பது வயசுல எனக்கு இதே மாதிரி ஒரு சட்டை குடுத்தாங்க. நெஞ்சுல ஒரு பேரு... ரத்தினசாமின்னு. குடுத்தவர் நல்லவர்தான். என்கிட்ட வேற நல்ல சட்டை இல்ல. அதைப் போட்டுட்டுத்தான் டியூஷன் போனேன். வருஷம் பூரா அங்க எல்லாரும் என்னை ரத்தினசாமின்னுதான் கூப்பிட்டாங்க. வாத்தியார் உட்பட. எனக்குன்னு ஒரு பேர் இருக்குன்னு யாருக்கும் தெரியல... என் வீட்டுல அது நடக்காது. நான் இருக்கிற வரைக்கும் நடக்காது!"

கேமராக்காரர் கேமராவை இறக்கினார்.

தனலெட்சுமியின் முகம் சிவந்தது. "வண்டியில ஏறுங்க எல்லாரும்!" என்றார். கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன.

கிஷன் மட்டும் அசையவில்லை.

"டேய், ஏறு!"

"நீங்க போங்கம்மா. நான் இங்க சாப்பிடுறேன்."

கார்கள் நகர்ந்தன. சந்து முனை வரை போயின. முன்னால் போன கார் நின்றது... ஒரு கதவு திறந்தது. பட்டுப்புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கிய மழைநீரில் கால் வைத்துவிடாமல், தனலெட்சுமி தனியாக நடந்து வந்தார்.

"காலையில இருந்து பசியாறல" என்றார் கேட்டைப் பார்த்து, யார் முகத்தையும் பார்க்காமல். "என்ன சமைச்சீங்க?"

"சாம்பாரும் நெத்திலி சம்பலும்."

"தொற."

மேசையில் அவருக்கு இடம் மிஷாவுக்குப் பக்கத்தில் கிடைத்தது. மிஷா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க பேரு என்ன?"

"தனலெட்சுமி."

"தனா... தன... ரொம்ப நீளமா இருக்கு."

"ஆமா. நீளம்தான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டு போகவில்லை. "பிறை ஃபேக்டரியில இருபத்திரெண்டு வருஷம் லைன்ல நின்னேன். அங்க யாருக்கும் இவ்வளவு நீளமா கூப்பிட நேரமில்ல. நெஞ்சுல கம்பெனி பேரு. கையில நம்பர். சூப்பர்வைசர் நம்பரைத்தான் கூப்பிடுவான்." பிசைந்த சோற்றை ஓர் ஓரமாக ஒதுக்கினார். "அறுபது வயசாச்சே, ஒரு தடவையாவது என் பேரைப் பெருசா பார்க்கணும்னு ஆசை வந்திச்சு. அதான்..."

ஷர்மினி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

"ஆனா கம்பெனிக்காரன் அவன் பேரைப் போட்டுக்கிறதுக்குச் சம்பளம் குடுத்தான்" என்றார் தனலெட்சுமி திடீரென்று நிமிர்ந்து. "நான் இதுங்களுக்கு என்ன குடுத்தேன்? ஒரு துண்டு கேக்கு!" சொல்லிவிட்டு முதல் கவளத்தை வாயில் போட்டார். மென்றார். "உப்புக் கம்மி. வீட்டை வந்து பாரு. வாடகைன்னா வாடகைதான், குறைக்க மாட்டேன்."

"குறைக்கச் சொல்லி நானும் கேக்க மாட்டேன்."

அந்த அம்மாள் மகன் பக்கம் திரும்பினார். கிஷன் சாப்பிடவில்லை. ஷர்மினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் அவர் பார்த்துவிட்டார்.

"அப்புறம் ஒண்ணு. என் பையன் பக்கம் கண்ணு வைக்காத. அது வேற கதை."

"வீட்டைத்தான் ஆண்டி வாடகைக்குக் கேட்டேன். உங்க பையனைக் கேக்கல."

*

புதன்கிழமை பாகான் டாலாம் வீட்டில் அளவெடுக்கப் போனார்கள். நாலு அறை, பின்பக்கம் கொய்யா மரம். அளவு நாடாவின் ஒரு முனை கிஷன் கையில், மறு முனை ஷர்மினி கையில். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"இது மூணு பேரோட ரூம். மூணு கட்டில். ஜன்னல் பக்கம் மிஷா. தீயணைப்புக்காரங்க வந்து பார்க்கிறதுக்குள்ள அந்தக் கம்பிய எடுத்திரணும்..."

அவள் சுவர் சுவராகப் பேசிக்கொண்டே போனாள். அவன் நாடாவைச் சுருட்டச் சுருட்ட இடைவெளி குறைந்தது. ஒரு கட்டத்தில் அவள் திரும்பினாள். அவன் இரண்டடி தூரத்தில் நின்றான். மழையின் ஒளி அவள் விழிகளில் அலைந்தது...

"ஷர்மினி, எனக்கு உங்களை..."

"வேணாம்."

"நான் இன்னும் சொல்லவே இல்ல!"

"சொல்லாதீங்க. இப்ப சொன்னா இந்த வீடு வேணாம்னு சொல்லிட்டு நான் வேற வீடு தேட வேண்டியிருக்கும். பத்து நாள்கூட இல்ல. ப்ளீஸ் கிஷன்..."

முதல் முறையாக அவனைப் பெயர் சொல்லி அழைத்திருந்தாள். அதுவும் வேண்டாம் என்று சொல்வதற்காக. அவன் நாடாவை ஜன்னலில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

ஷர்மினி அந்தக் காலி அறையில் நின்றாள். இத்தனை வருடம் யார் முன்னாலும் குனியாத மனசு, ஏன் இந்த ஒருவன் முதுகைப் பார்த்து இப்படித் துடிக்கிறது? கூப்பிட்டால் திரும்பி வருவான். ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு நாடாவை எடுத்து, மீதிச் சுவரைத் தனியாக அளந்து முடித்தாள்.

*

மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்பு, சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் வழக்கறிஞர் நூருல் ஹுதாவின் அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். காசு மாற்றும் கடைக்கு மேல் மாடி. படிக்கட்டு முழுக்கக் கீழ்க்கடைப் பிரியாணி வாசம். கிஷன் அம்மாவைக் கூட்டிவந்தவன், ஷர்மினியைப் பார்க்காமல் ஓர் ஓர நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அஞ்சு வருஷம்" என்று படித்தார் நூருல் ஹுதா. "இடையில வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்ல முடியாது. அப்புறம் ஷர்மினி ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர் குடும்பத்துக்கும் இல்லத்துல வேலை செய்யறவங்களுக்கும் நடுவுல என்ன பிரச்சினை வந்தாலும் இந்த ஒப்பந்தத்தைப் பாதிக்காது." அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பதினாலு வருஷமா ஒப்பந்தம் எழுதுறேன். இப்படி ஒரு வரி எழுதினதில்ல. என்ன பிரச்சினைமா வரப் போகுது?"

"எது வேணும்னாலும் வரலாம் அக்கா" என்றாள் ஷர்மினி. காது மடல் சிவந்திருந்தது.

தனலெட்சுமி அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, தன் நீளமான பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டார். இல்லத்துக்காகக் கார்த்திகேசு கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. சாவிக்கொத்து கை மாறியது.

ஷர்மினி அங்கிருந்தே இலாகா அதிகாரிக்குப் போன் பண்ணினாள். "வீடு ரெடி சார்... ஆமா, நாளைக்கே வந்து பாருங்க... மூணு பேரும். ஒரே ரூம்ல." அடுத்த போன் இல்லத்துக்கு. அதிராவிடம் சொன்னாள். மறுமுனையில் மூன்று பிள்ளைகள் ஒரே சமயத்தில் கத்துகிற சத்தம். மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

அவள் நிமிர்ந்தபோது ஓர நாற்காலி காலியாக இருந்தது.

படிகளில் தடதடவென்று இறங்கினாள். வெளியே சூலியா தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நின்ற கூட்டத்துக்கு நடுவே, தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தெருவைப் பார்த்து நின்றான்.

"கிஷன்!"

திரும்பினான். அந்தக் கன்னத்துக் குழி எங்கேயோ ஒளிந்திருந்தது.

"வாழ்த்துகள். வீடு கிடைச்சிருச்சு" என்றான். "நான் தொந்தரவு பண்ண மாட்டேன். பயப்படாதீங்க."

"வாயை மூடிட்டுக் கேளுங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அன்னிக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா, அது வீட்டுக்கு நான் குடுத்த விலையா ஆகியிருக்கும். வீட்டுக்காரி பையனைப் பிடிச்சு வீட்டை வாங்கிட்டான்னு ஊரு சொல்லும். அதுகூடப் பரவாயில்ல, எனக்கே அப்படித் தோணியிருக்கும். உங்களைப் பிடிக்கலன்னு சொல்லியிருந்தா, உங்க மனசு கோணி வீடு போயிருமோன்னு பயம். அதிராகிட்ட வீட்டுக்காகச் சிரிக்காதன்னு சொன்ன நானே வீட்டுக்காகச் சிரிக்க முடியுமா? இல்ல, வீட்டுக்காகப் பொய் சொல்ல முடியுமா? அதான் வாயைப் பொத்திக்கிட்டேன். அளவு நாடாவை வச்சுக்கிட்டு அழுதேன். தெரியுமா உங்களுக்கு?"

நடைபாதையில் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர் கைவேலையை நிறுத்திவிட்டார். காசு மாற்றும் கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஷர்மினி கவலைப்படவில்லை.

"இப்ப கையெழுத்துப் போட்டாச்சு. அஞ்சு வருஷத்துக்கு யாராலயும் அசைக்க முடியாது. நீங்க என்னை வேணாம்னு சொன்னாலும் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே நான் சொல்றது எதுக்கும் விலை இல்ல. எனக்காக மட்டும் சொல்றேன்..." அவள் குரல் முதல் முறையாகத் தழைந்தது. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, கிஷன்."

மழை... மழை மட்டும்தான். பிறகு மெல்ல, மிக மெல்ல, அவன் வலது கன்னத்தில் அந்தக் குழி விழுந்தது.

"வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு என்ன பைத்தியமா?"

படிக்கட்டின் கடைசிப் படியில் செருமல் சத்தம் கேட்டது. தனலெட்சுமி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"கையெழுத்துப் போட்ட மை கூடக் காயல!" என்றார். "நான் இதுக்கு இன்னும் சரின்னு சொல்லல, பார்த்துக்க."

ஷர்மினி திரும்பினாள். அந்தப் பெரிய கண்களில் மழை, கண்ணீர், சிரிப்பு எல்லாம் சேர்ந்து மின்னின. கிஷனின் கையை எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க ஆண்டி, மெதுவா சொல்லுங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்ல... நான் காத்திருக்கேன். ஆனா இந்தக் கையை விட மாட்டேன்."